வர்க்கமூலத்தின் நம்பர் 251

போன வாரம் என் மைத்துனர் ஞானசேகரன் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் வந்து இறங்கினார். கல்லூரியில் கணக்கு வாத்தியார். மறுநாள் மாலைக்குள் சென்னையில் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

கணக்கு ஆய்வேட்டை எப்படி டைப் அடிப்பார்கள், தெரியுமா? டைப்ரைட்டரில் இல்லாத கணக்குக் குறி வரும் இடத்தில் கொஞ்சம் இடம் விட்டுவிடுவார்கள். பிறகு உட்கார்ந்து பேனாவால் வரைவார்கள். மச்சானுக்கு அந்த ஒட்டுவேலை பிடிக்கவில்லை. ரயிலடிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துவிட்டார். திரையிலேயே பக்கம் பக்கமாகப் படித்து, ஓகே சொல்லிவிட்டும் போயிருந்தார். பிரின்ட் வாங்குவதுதான் பாக்கி. துணைக்கு நான்.

ஏசி அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பயபக்தியோடு நுழைந்தோம்.

காகிதத்தைப் பார்த்த மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வர்க்கமூலக் குறி √ இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் { மாதிரி ஒரு நெளிந்த அடைப்புக்குறி... அதுவும் சாய்வாக!

"என்னம்மா இது? என் ரூட்டெல்லாம் எங்க?"

சென்டரை நடத்தும் ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் அடிச்சிக்கினு இருந்தப்ப பக்கத்துலதான சார் இருந்தீங்க? இப்பவும் ஸ்க்ரீன்ல பாருங்க, கரெக்டாதான் இருக்குது."

இருந்தது. திரையில் √. காகிதத்தில் {. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல்... இது என்ன கண்கட்டு வித்தை?

"இந்த ரூட்டை எப்படி அடிக்கிறீங்க?" என்றார் மச்சான்.

"இதுக்குன்னு கீ இல்ல சார். ஆல்ட் கீயை அமுக்கிக்கினு 251 போடணும்."

"அந்த அடைப்புக்குறிக்கு என்ன நம்பர்?"

"123."

மச்சான் மனசுக்குள் கழித்தார். வித்தியாசம் 128. இருவரும் பிரின்டரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் இருந்தது விஷயம் — ஓர் எழுத்தின் எண்ணோடு 128 கூடி வந்தால், அதே எழுத்தைச் சாய்த்து அடிக்குமாம் அந்த பிரின்டர்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் √ என்று ஒன்று கிடையவே கிடையாது! உள்ளே கிடப்பது வெறும் எண். அதற்குத் திரை ஒரு படம் வைத்திருக்கிறது. பிரின்டர் வேறு படம் வைத்திருக்கிறது. இரண்டும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"நம்மளே ஒரு படம் வரைஞ்சு பிரின்டருக்குக் குடுக்கலாம்னு இதுல போட்டிருக்குது சார்," என்றார் ஸ்டெல்லா.

கிராஃப் காகிதம் வந்தது. மச்சான் பென்சிலை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா... இந்த வாலு எங்கேந்து ஆரம்பிக்கும்?"

தினமும் போர்டில் போடுகிறவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால், எனக்கும்தான் தெரியவில்லை.

புள்ளி வைத்த கட்டத்துக்கு ஒன்று, வைக்காததற்கு சைபர். மச்சான் அவற்றை எண்களாக்கிச் சொல்லச் சொல்ல, ஸ்டெல்லா ஏற்றினார். முதலில் காகிதத்தில் தூண்டில் முள் மாதிரி ஒன்று வந்தது. அடுத்து, உடைந்த நாற்காலி. புள்ளிகளை அழித்து, தள்ளி வைத்து, மறுபடி கூட்டி...

கர்ர்ர்... √.

மச்சான் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். மை கையில் ஒட்டியது. "நம்ம வச்ச புள்ளி மாமா இது," என்றார்.

ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒருநாள் அவரை உட்காரவைத்துக் கேட்பார்கள். ரூட்டின் வாலை என்று உண்மையைச் சொன்னால் பட்டம் கொடுக்க மாட்டார்களே!