தாழ்ப்பாளில் தொங்கும் ஐசி

சுனாமியில் வீடு போய், கொட்டிலில் இருந்த காலம். எந்தப் படிவத்துக்கும் ஐசி என்கிற அடையாள அட்டையின் போட்டோ கொப்பி கேட்பார்கள். கொப்பி எடுத்த அட்டையை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவேன். வெளிக்கிடும்போது பையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தரம் முடிவெடுத்தேன்.

ஒருநாள் களுதாவளையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும்போது, சோதனைச்சாவடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பையில் கொப்பி மட்டும்தான் இருந்தது. அட்டையைக் கொப்பிக் கடை மெஷினுக்குள்ளேயே விட்டிருந்தேன்.

"கொப்பி சரிவராது. ஐசி எங்க?" என்றான் ஆமிக்காரன்.

கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, வீட்டுக்காரர்ட நம்பரச் சொல்லுங்க." நம்பரையும், அட்டை கிடக்கும் கடையையும் சொன்னேன். பஸ் போய்விட்டது.

என்னை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். முந்தின கிழமை அங்கே மறித்து வைத்த ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை. மத்தியானம் கணவர் அட்டையோடு சைக்கிளில் வரும்வரை நான் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பயம் பத்து நாள்தான் நின்றது. பிறகு ஒரு காலை, அட்டை இல்லாமலே பஸ் தரிப்பிடம்வரை போய்விட்டேன். என் ஞாபகத்தை நம்பி இனி வேலையில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஐசி பையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டினேன். பையைக் கையில் எடுக்காமல் தாழ்ப்பாளை இழுக்க ஏலாது.

யுத்தம் முடிந்தது. புது வீட்டுக்குக் கதவு போட வந்த ஓடாவியிடம், பூட்டோடு தாழ்ப்பாளும் வேண்டும் என்றேன்.

"இனி ஆரு ஐசி கேக்கப்போறாங்க?" என்றார் கணவர்.

ஒருவரும் கேட்பதில்லை. பை அங்கேதான் தொங்குகிறது.