தந்திக்கு அடியில் அப்பாவின் பனியன்

துருப்பிடித்த இரும்பின் வாசனை. அப்போதெல்லாம் இடது கை விரல் நுனிகளில் எந்நேரமும் அது இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. திருவொற்றியூர் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும்போது கிட்டார் தந்தி எம்மாத்திரம்...

எப்போது கிட்டார் கற்றுக்கொண்டாய் என்று தோழி ஒருத்தி நேற்று கேட்டாள். ஒரு வரியில் பதில் போட நினைத்தேன். முடியவில்லை.

அந்தக் கிட்டார் அண்ணனுடையது. கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கினான். தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு மூன்றைக் கற்றுக்கொண்டு, அவற்றை வைத்தே எல்லாப் பாட்டையும் ஒரு மாதம் பாடி எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டு, ஆணியில் மாட்டினான். அதோடு சரி.

நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். மணலியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே அறையும் பின்னால் ஓர் அடுப்படியும்தான் வீடு. தட்டு கீழே வைக்கும் சத்தத்துக்கே விழித்துக்கொள்வார். அதனால் அவருடைய பழைய பனியன் ஒன்றை மடித்து, தந்திகளுக்கு அடியில் செருகிக்கொண்டு வாசிப்பேன். ஒவ்வொரு சுரமும் பிறந்த இடத்திலேயே செத்துவிடும். டொக்... டொக்... அவ்வளவுதான் கேட்கும். அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மா அதைக் கவனிப்பதாகவே தெரியாது.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வாசித்த சின்ன மெட்டு அது. பாடுவதற்கு வார்த்தை கிடையாது. வலது கைக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் நிதானமாக நடந்துபோக, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பேச வேண்டும். ஒரே கையில் இரண்டு பேர். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து, இரண்டு இரண்டு விநாடியாகக் கேட்டுப் பிடித்தேன்.

எஃப் கார்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அந்த மலிவுக் கிட்டாரில் தந்திகள் பலகையிலிருந்து எட்டி நிற்கும், என் விரலுக்கு அந்த பலம் இல்லை. பல வாரம் போராடி, கழுத்துக்கு மேலாக இடது கட்டைவிரலை வளைத்து ஆறாவது தந்தியைப் பிடித்தால் நடக்கும் என்று கண்டுகொண்டேன். அந்தப் பெரியவர் அப்படிப் பிடிக்கவில்லை. அது என்னுடைய வழி.

அடுத்து டி மைனர். மற்ற விரல்கள் அசையாமல் சுண்டுவிரல் மட்டும் முதல் தந்திக்குப் போய்வர வேண்டும். அது எழுந்தால் மோதிர விரலும் கூடவே எழுந்துவிடும். பஸ்ஸில் நிற்கும்போது பேக் பட்டையில் விரல்களைப் பதித்து இதையே செய்துகொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் முழு மெட்டும் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது. ஆனால் என் கையில் அது எப்படி ஒலிக்கும் என்று எனக்கே தெரியாது. பனியன் இல்லாமல் ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கான நாளும் வந்தது. அண்ணனுக்குப் பெரம்பூரில் பெண் முடிவாகி, பூ வைக்க எல்லோரும் கிளம்பினார்கள். பரீட்சை என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். மாலை வரை வீடு எனக்கு.

ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் ஆணியிலிருந்து கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். எங்கே எடுத்துப்போகிறான் என்று அப்பாதான் கேட்டார்.

“பொண்ணோட தம்பிக்கு கிட்டார்னா உசுராம்பா. நம்ம வூட்ல சும்மா தான கெடக்குது.”

அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. என்னைப் பார்த்து அண்ணன் சிரித்தான்.

“இன்னாடி அப்டி பாத்துகினு கீறே? உனுக்கும் வரும்போது ஸ்வீட் எடுத்தாறேன்.”

அது அவன் வாங்கியது. சும்மா கிடக்கவில்லை என்று சொல்ல ஒரு வரி போதும்தான்... உறையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மா என் பக்கத்தில் வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“வுடுடி. சம்பந்தி வூடு. குடுத்தா நல்லா இருக்கும்.”

ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஒன்றுமே கேட்கவில்லையே. பிறகு எதை விடச் சொன்னாள்?

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை வரை வீட்டில் யாரும் இல்லை. எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

இப்போது மாத்தூரில் வாடகை வீடு. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கிட்டார், பலகையை ஒட்டிய தந்தி, எஃப் கார்டு வெண்ணெய் மாதிரி விழுகிறது. பழைய கிட்டார் அண்ணியின் அம்மா வீட்டில் பீரோ மேல் இருக்கிறது, இரண்டு தந்தி அறுந்து. அந்தத் தம்பிக்கு பைக் மேல் ஆசை வந்து வெகுகாலம் ஆகிறது. கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அப்போ டொக்கு டொக்குன்னு ஒண்ணு வாசிப்பியே, அத்த வாசியேன்” என்றாள்.

“மறந்துபோச்சும்மா.”

மறக்கவில்லை. கட்டைவிரல் எந்த இடத்தில் வளைய வேண்டும் என்பது உள்பட எல்லாம் கையில் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போன பிறகு கதவைத் திறந்துவைத்தே வாசிக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தைகள் வந்து நின்று கேட்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

அம்மாவுக்கு மட்டும் வாசித்துக்காட்ட மனசு வரவில்லை.