ஏழாம் நாளும் வெளுப்பாக இருந்த கிழங்கு

என் மனைவிக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் மரவள்ளிக்கிழங்கை நறுக்கிச் சோதிக்கிற வேலை. அங்கே அவளைப் ‘பஞ்சுக்கை’ என்பார்கள். கதவைச் சாத்தினால்கூடக் கதவுக்கு வலிக்குமோ என்று பார்க்கிறவள். அதே பண்ணையில் வேன் ஓட்டுகிற எனக்கோ மூக்கு நுனியில் கோபம்.

தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. காயத்தில் காற்றுப் பட்டதும் கிழங்கு அதை ஆற்றப் பார்க்கும். அந்த முயற்சியிலேயே உள்ளுக்குள் கறுத்துப்போகும். கறுப்பு கண்ணுக்குத் தெரியுமுன்பே, இருட்டறையில் இருக்கிற ஊதா விளக்கடியில் துண்டுகள் நீலமாக ஒளிரும். தட்டுத் தட்டாக நிலா வெட்டி வைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்கு வீடு வாசல் எதுவும் நினைவிருக்காது. வெளியே ஹாரன் அடித்தே என் கை ஓய்ந்துவிடும்.

கடைசிப் பாத்தியில் ஒரு புது ரகம், ஒரே வரிசை. மூன்று வருடமாக அவள்தான் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். செடிகளோடு பேசவும் செய்வாள், என்னோடு பேசுவதைவிட அதிகமாக.

“இதுவும் சீக்கிரம் கெட்டுப்போச்சுன்னா வரிசையையே உழுதுடுவோம்” என்று அதிகாரியம்மா சொல்லியிருந்தார்.

அதில் நாலைந்து செடிகளைத் தோண்டிய ஏழாம் நாள் விளக்கைப் போட்டார்கள். ஒரு பொட்டு நீலம் இல்லை.

“அப்பாடா! இத விவசாயிங்களுக்குக் கொடுத்துடலாம்” என்று அதிகாரியம்மா துள்ளினார்.

இவள் சும்மா இருந்தாளா?

“அம்மா, மத்த கிழங்கெல்லாம் ஆளுங்க மண்வெட்டியால எடுத்தாங்க. இத மட்டும் நான் விரலாலேயே தோண்டினேன். வெட்ட மனசு வரல. ஒரு கீறல்கூட விழல.”

கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியம்மா மண்வெட்டியை அவள் கையிலேயே கொடுத்தார். மீதியில் இன்னும் சில செடிகளை அவளே வெட்டி எடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாம் நாளே இருட்டறை முழுக்க நீலம். சுவரெல்லாம், அவள் முகமெல்லாம் நீலம். பாழாய்ப்போன அழகு! மறுநாள் வரிசையை உழுதுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் எனக்கு ஆறவேயில்லை.

“வாயத் திறக்காம இருந்திருந்தா உன் செடி நின்னிருக்கும்டி. யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏழு நாள் தாங்கும்னு நம்பி எவளோ ஒருத்தி கிழங்க மூட்டை கட்டியிருப்பாளேங்க.”