மேட்டுக்கு ஏறிய புகை

அறுபதுகளில் போர்ட் பிளேரில் எங்கள் லைன் வீடுகளுக்கும் இன்ஜினியர் பங்களா இருந்த மேட்டுக்கும் நடுவில் ஒரு மர மில் இருந்தது. ஒரு ஆடி மாதம் மில் கான்ட்ராக்டர் மரத்தூளைக் கொட்டிக் கொளுத்த ஒரு குழி வெட்டினார். மழையில் நனைந்த மரத்தூள் ஒழுங்காக எரியவும் செய்யாது, அணைந்தும் தொலையாது. தென்மேற்குக் காற்று அந்தப் புகையை அள்ளிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம். ஆஸ்பத்திரி டாக்டர், "இடம் மாத்துங்க, நல்ல காத்து வேணும்" என்றார். சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் நல்ல காற்றுக்கு எங்கே போவது? மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வசதியில்லை. என் வீட்டுக்காரர் ரொம்ப யோசித்துவிட்டு, கட்டிலை ஜன்னல் ஓரத்திலிருந்து கதவு ஓரத்துக்கு இழுத்துப் போட்டார். "இடம் மாத்தியாச்சுல்லா" என்றார். அந்த மனுஷன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

லைன் ஆண்கள் கூடிப்போய் இன்ஜினியரிடம் முறையிட்டார்கள். குழிக்கு அனுமதி கொடுத்ததே அவர்தான். "துவா நல்லதுய்யா. மச்சர் கிட்டவே வராது" என்று அனுப்பிவிட்டார். தீவில் புகை துவா, கொசு மச்சர். திரும்பி வந்தவர்கள், சாப் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார்கள். இருமிக்கொண்டேதான் சொன்னார்கள்.

இவர்களை நம்பினால் பிள்ளை பிழைக்காது என்று எனக்குப் பட்டது. மேட்டில் காற்று சுத்தம். பங்களாவில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். சம்பளம் பேசவில்லை. பிள்ளை கூடவே இருப்பாள் என்று மட்டும் சொன்னேன். விடிந்தும் விடியாமலும் போய்விடுவேன், விளக்கு வைத்த பிறகும் இறங்கமாட்டேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன். மகள் சமையல்கட்டு வாசலில் சத்தமில்லாமல் தூங்குவாள். இன்ஜினியர் சம்சாரம் மதராஸ்காரம்மா. விருந்தாளிகளிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவளை மாதிரி விசுவாசமா ஒருத்தி கிடைக்கமாட்டா" என்பார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். ராத்திரி கீழே இறங்கினால் பூனைக்குட்டி மறுபடி கத்தும்.

கார்த்திகையில் வாடைக்காற்று அடித்தது. புகை அப்படியே திரும்பி மேட்டுக்கு ஏறியது. லைன் பெண்கள் எல்லாரும், "மாதாவே, காத்தை மட்டும் திருப்பிராத" என்று ஜெபம் செய்தோம். மகள் வீட்டிலேயே நன்றாகத் தூங்கினாள். நான் வேலையை விட்டிருக்கலாம்தான். ஆனால் அடுத்த ஆடி வருமே? அதனால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக மேடு ஏறினேன். காலையில் போனதும் முதல் வேலையாக, மில்லைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்து வைப்பேன். "வீட்டுக்குக் காத்தோட்டம் வேணும்லாம்மா" என்பேன். அந்த அம்மாவும் பாவம், இருமிக்கொண்டே தலையாட்டுவார்.

ஒரு நாள் காலையில் இன்ஜினியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினார்: "எவன்யா இந்தக் குழிக்கு பர்மிஷன் குடுத்தது?"

நான் காப்பியை வைத்துவிட்டு ரொம்பப் பணிவாகச் சொன்னேன். "துவா இருந்தா மச்சர் வராதுன்னு நீங்கதான சாப் சொன்னீய."

அவர் காப்பியைக் குடிக்காமலே மில்லுக்கு இறங்கிப் போனார். மத்தியானம் தண்ணீர் லாரி வந்தது. சாயங்காலத்துக்குள் குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். ஆடியிலிருந்து எங்கள் லைனே இருமியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த அம்மா இருமியது உடனே கேட்டுவிட்டது.

மறுநாள் வேலையிலிருந்து நிற்கப்போவதாகச் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "சம்பளம் கூட்டித் தரேன்டி, போகாதே."

"நான் சம்பளத்துக்கு வரலம்மா. எம் பிள்ள மூச்சு விடணும்னு வந்தேன். இனிமே அவ வீட்டுலயே விடுவா."