ஆற்றுத்துறைப் படல்

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. நொய்யல் ஆற்றுக்கு இறங்கும் துறையின் வாயில் ஒரு படல் இருந்தது, மூங்கில் தட்டிக் கதவு. அதைத் தாண்டிப் போகிறவர்களிடம் “போங்க” என்று சொல்வதுதான் என் வேலை. மீசை வைத்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் நின்று, நான் சொன்ன பிறகுதான் நகர்வார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருப்பூரில் தெருவுக்கு ஒரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். மிஷினிலிருந்து பழுப்பாக இறங்கும் துணியை வெளுத்துக் கொடுக்க ஆற்றங்கரையில் சலவைப் பட்டறைகள் வந்தன. அப்பாவும் சோளக்காட்டை விற்றுவிட்டு, ஊருக்குக் கிழக்கே கரையோரம் இடம் வாங்கிப் பட்டறை போட்டார். பின்னால் இரண்டு அறை கட்டி நாங்களும் குடிவந்துவிட்டோம். துணி தொட்டியில் வேகும், ஆற்றில் அலசுவார்கள், கரையில் விரித்துக் காயப்போடுவார்கள். ப்ளீச்சிங் பவுடர் நெடி எங்கள் சோற்றிலும் இருந்தது. ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது.

வாங்கிய இடத்தின் நடுவே ஓர் இட்டேரி போனது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த தடம் அது. ஊருக்குள்ளிருந்து வந்து, எங்கள் இடத்தைக் கடந்து, சரிவாக ஆற்றில் இறங்கும். வண்டிகள் இறங்கும், மாடுகள் இறங்கும், பெண்கள் துணி மூட்டையோடு இறங்குவார்கள். கீழே அணை இருந்ததால் ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே தண்ணீர் ஆளுயரம் தேங்கிவிடும். தை வரைக்கும் அக்கரைக்குப் பரிசல்தான். பரிசல்காரர் வீடு ஊருக்குள் இருந்தது. காலையில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு இட்டேரியில் வருவார். ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் நடந்து வருவதுபோல் இருக்கும்.

படல் வந்ததற்குக் காரணம் ஆடுகள். வெளுத்து விரித்த துணியின் மேல் ஒரு நாள் முப்பது நாற்பது ஆடுகள் ஊர்வலம் போய்விட்டன. அவ்வளவையும் மறுபடி வேகவைக்க வேண்டியதாயிற்று. மறுநாளே அப்பா தடத்தின் குறுக்கே படல் கட்டினார். பூட்டு இல்லை, ஒரு கயிற்று வளையம் மட்டும். “ஆடு பூந்துருதுங்க, அதுக்குத்தானுங்க இது. நீங்க தாராளமா போங்க, வாங்க” என்று வந்தவர்களிடமெல்லாம் கும்பிட்டுச் சொன்னார். அன்று அவர் மனதில் வேறு எதுவும் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாத்திய படலைக் குரல் கொடுக்காமல் திறந்தால் மரியாதை இல்லை. யார் வைத்த படல், எதற்கு வைத்த படல் என்ற விசாரணையே கிடையாது. நேற்றுவரை வெற்றிலை துப்பிக்கொண்டு இறங்கிப் போனவர்கள் இன்று படலருகே நின்று, “ஏனுங்க, ஆத்துக்குப் போலாமுங்களா?” என்று கேட்டார்கள். கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அப்பா தொட்டியருகே இருப்பார், அம்மாவுக்குக் கை ஒழியாது. பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் உள்ளிருந்தே கத்தினேன். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் படலருகே போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அங்கேதான். அதிகாரம் வந்தால் வேண்டாத புத்தியும் கூடவே வரும்போலிருக்கிறது. பரிசல்காரர் பரிசலுக்கு அடியிலிருந்து, “அம்மணி, போலாமுங்களா?” என்பார். நான் உடனே சொல்ல மாட்டேன். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, “செரி, போங்க” என்பேன். அந்தப் பத்து எண்ணும் நேரமும் அவர் சுமையோடு நிற்பார். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கேட்காமல் போனது ஒரே ஒருவர்தான், என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர், அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றைக் கடந்து, முருங்கைக்காய்க் கட்டோடு வருவார். கையில் சுமை இருப்பதால் படலைக் காலால் தள்ளிக்கொண்டே வருவார். “கேட்டுட்டு வரோணுங்க அத்தை” என்று ஒரு தடவை சட்டம் பேசினேன். “ஆத்துக்குப் போக வர எவனைக் கண்ணு கேக்கோணும்?” என்றவர், அப்பாவைப் பார்த்து, “ஏந் தம்பி, புள்ளைய இப்படியா பழக்கறது?” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே காபி போடச் சொன்னார். அத்தைக்கு மரியாதை தெரியவில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேலை பெருகியது. இன்னும் இரண்டு தொட்டி கட்ட வேண்டும். அதற்குத் தோதான இடம் இட்டேரிதான். செங்கல் வந்து இறங்கியதும் பரிசல்காரர் தாலுகா ஆபீசுக்குப் போய், துறை ஊருக்குப் பொது என்று மனு கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு அந்தச் சரிவு இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. வேறெங்கும் கரை செங்குத்து.

விசாரிக்க ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் இட்டேரியின் கோடு தேய்ந்துபோயிருந்ததாம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “படல்ல கேட்டுட்டுத்தான் போறீங்களா?” என்று பரிசல்காரரிடம் கேட்டார்.

“கேக்கறதுதானுங்க சாமி. அது ஒரு மரியாதைக்குங்க.”

இன்ஸ்பெக்டர் முதல் பாதியை எழுதிக்கொண்டார். பிறகு, குழந்தை பொய் சொல்லாது என்று என்னைக் கூப்பிட்டார். நான் தலையைப் படிய வாரிக்கொண்டு தயாராகத்தான் நின்றிருந்தேன்.

“எல்லாரும் கேட்டுட்டுத்தான் போவாங்களா, பாப்பா?”

“ஆமாங்க. நாஞ் சொன்னாத்தானுங்க போவாங்க.”

“கேக்காம ஒருத்தரும் போனதில்லையா?”

“இல்லீங்க.”

நான் பொய் சொல்லவில்லை. அத்தை எங்கள் வீட்டு ஆள். வீட்டு ஆளை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? இன்ஸ்பெக்டர் என் கன்னத்தைத் தட்டினார். அப்பா என்னைப் பார்க்காமல் செங்கல் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசல்காரர் போகும்போதும் என்னிடம், “வரனுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அனுமதி கேட்டுப் போகிற வழி பொதுவழி ஆகாது என்று முடிவாகி, தடம் எங்கள் பட்டா நிலத்தில் சேர்ந்தது. அந்தக் கோடைக்குள் சுவர் எழும்பி, இரும்புக் கேட்டும் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வந்து, “செவுரு நல்லா வந்திருக்குதுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பரிசல் அதன் சொந்தக்காரர் வாசலில் கவிழ்ந்து கிடந்தது, அடியில் கோழி அடைத்தார்கள். அவர் எங்கள் பட்டறையிலேயே துணி அலசும் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் அந்தத் துறையில் அதன்பிறகும் கால் நனைத்தவர் அவர் ஒருவர்தான்.

அத்தை வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. ஐப்பசி வந்தது, ஆறு நிறைந்தது, அப்போதும் வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள், பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து, கேட்டுக்கு வெளியே முருங்கைக்காய்க் கட்டோடு நின்றார். பூட்டவில்லை, சாத்தித்தான் இருந்தது. அவர் காலால் தள்ளவில்லை.

“ஏனுங்க அம்மணி, உள்ள வரலாமுங்களா?” என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். பத்துகூட எண்ணாமல், “வாங்க வாங்க” என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினேன். “அப்பா, அத்தைக்கும் மரியாதை வந்துருச்சுங்க. கேட்டுட்டு நிக்கறாங்க.”

அப்பா துணி கிளறும் கழியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். “உள்ள வாக்கா” என்றார். மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. முருங்கைக்காயைக் கம்பி வழியாக என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடக்கத் தொடங்கினார்.

நான்தான் வாங்க என்று சொல்லிவிட்டேனே, பிறகும் ஏன் போகிறார் என்று கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.