என் வீட்டுக்காரருக்குப் பதிலாள்

என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் சபையில் உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன். சந்தோஷமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஏரி வற்றி, உத்திரமேரூர் பக்கம் கூலி வேலையே இல்லாத வருஷம் அது. என் வீட்டுக்காரர் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு டான்ஸ் ஓட்டலில் அடுப்படி வேலைக்குப் போனார். இங்கே மதுவிலக்கு. அங்கே மாடியில் விடிய விடியக் குடியும் கூத்தும். மனுஷன் கெட்டுப்போவாரோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டரில் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். அவரை எப்படியாவது கொண்டுவந்து சேரும் ஆண்டவரே என்று ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாளும் ஒருவேளைக் கஞ்சியோடு ஜெபித்தேன்.

அந்த ஓட்டலில் லீவு கிடையாது. ஊருக்குப் போகிறவன் தன் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். வேலையில்லாமல் இருந்த என் அண்ணன், "இன்னா இப்போ, கொஞ்ச நாளுக்கு நான் போயி நிக்கிறேன்" என்று தானே கிளம்பினார். ஆண்டவர் வழி திறந்தார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். பெரிய வெள்ளியன்று இவர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் ராத்திரி அந்தக் கட்டடம் எரிந்தது. குடித்தவர்கள் காசு கொடுக்காமல் நழுவுவார்கள் என்று, அடுப்படியை ஒட்டிய பின்படிக்கட்டை முதலாளி பூட்டியே வைத்திருப்பாராம். குடிக்க வந்தவர்கள் முன்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். அடுப்படி ஆட்கள் ஒருத்தரும் வெளியே வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு வந்த உறவுக்காரர்கள் புறப்படும் முன்னே எங்களுக்குச் சேதி வந்தது. இவர் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "நான் நிக்க வேண்டிய எடத்துல மச்சான் நின்னுட்டாரே" என்று அழுதார்.

சபையில் சிலர் என் கையைப் பிடித்து, உன் ஜெபம்தான் உன் தாலியைக் காத்தது என்றார்கள். அண்ணி காதில் விழும்படி சொன்னார்கள். அவளும் இதே பாயில் முழங்கால் போட்டவள்தானே? அவள் ஜெபம் எங்கே போயிற்று? எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி பேசுகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அண்ணி இனி என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் நேராக வீட்டுக்கு வந்தாள்.

"ஒன் ஜெபத்தத்தான் கேக்கறாரே. என் புள்ளைங்களுக்கும் நீயே பண்ணு. என்னால முடியல."

அன்றுமுதல் அவள் பிள்ளைகள் பெயரைச் சொன்ன பிறகுதான் என் மகள் பெயர். இவர் மறுபடி பெங்களூர் போகவில்லை. கிடைக்கிற கூலியில் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கிறது. அதற்கு ஸ்தோத்திரம்.

நீங்களும் கேளுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் உங்கள் வீட்டு ஆளுக்காகக் கேட்கும்போது, அந்த ஆளின் இடத்தில் போய் நிற்கப்போகிறவனுக்காகவும் கேளுங்கள். அந்த லெந்து ஜெபத்தில் நான் என் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.