தறிக்கூடத்துப் பேச்சு

தெருவில் அவளுக்கு 'மைக்கு' என்று பெயர். வண்டிக்காரனிடம் அவள் தக்காளி விலை கேட்டால் அடுத்த தெருக்காரர்களும் விலை தெரிந்துகொள்வார்கள். வாய்க்கொழுப்பு ஒன்றும் இல்லை, காதுதான் காரணம். ஆற்றங்கரை மில்லின் தறிக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். அத்தனை தறிகளும் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொண்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சம்பளத்தோடு சேர்த்து மில் அவளுக்கு அரைச் செவிட்டையும் கொடுத்து அனுப்பியது.

அந்தக் கூடத்தில் யாரும் கத்திப் பேசமாட்டார்கள். கத்தினால் தொண்டை போவதுதான் மிச்சம். ஒலியே எழுப்பாமல், உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார்கள். எதிர்த்தறிக்காரி அதைக் கண்ணாலேயே கேட்டுக்கொள்வாள். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனுடைய தொப்பையை அளந்து சிரித்ததும், மாமியாரை வறுத்தெடுத்ததும், என்றைக்கு வேலைநிறுத்தம் என்று முடிவு செய்ததும் எல்லாம் அந்தப் பேச்சில்தான்.

வீட்டிலும் அதே பேச்சு. பிள்ளைகள் பேசப் பழகியதே அவள் முகத்துக்கு நேராக நின்றுதான். மூத்தவள் கல்யாணமாகிப் போனதும் அதை மறந்துவிட்டாள். இளையவனுக்கு மட்டும் அது வாயோடு ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில் கூட வேலை செய்கிறவர்கள், "என்னடா, பேச்சை மென்னு மென்னு துப்புறே?" என்று கிண்டல் செய்வார்கள். அவனால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. ரகசியம் பேசினால்கூடக் குரல்தான் தணியும், உதடு அப்படியே விரியும்.

மில்லை நினைத்து உருகுகிற ஆள் இல்லை அவள். அவளுடைய காதைத் தின்றது தறிக்கூடம், புருஷனின் நெஞ்சைத் தின்றது சாயப்பட்டறை. ஆறு ஒரு நாள் நீலமாக ஓடும், ஒரு நாள் சிவப்பாக ஓடும். அதைப் பார்த்தே இன்றைக்கு என்ன துணி என்று சொல்லிவிடலாம். பிறகு முதலாளியின் மகன்கள் சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள், மில் மூடியது. சம்பளப் பாக்கியைக் கொடுக்க வழியில்லாமல், குடியிருந்த வரிசை வீடுகளைத் தொழிலாளர் பெயருக்கே எழுதிக் கொடுத்தார்கள். தறிகள் பழைய இரும்புக்குப் போயின. கூரைத் தகடு ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. வழக்கு முடிவதற்குள் தறிக்கூடத்துக்குள் மரமே வளர்ந்துவிட்டது.

இப்போது அங்கே அடுக்குமாடி வருகிறது. புகைபோக்கியை மட்டும் இடிக்காமல், வெள்ளையடித்து விளக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆற்றுக்குப் போகும் பாதைக்கு வரிசை வீடுகள் தேவைப்பட்டன. வீட்டைக் கொடுத்தால் அடுக்குமாடியில் ஒரு வீடு. மகன் ஒரு மாதமாக அதையே பேசினான்.

"லிஃப்ட் இருக்கும்மா. மழைக்கு ஒழுகாது. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

எல்லாரும் ஒண்ணா என்று அவன் சொன்னதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். மாதிரி வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு மூவருமாகக் கிளம்பினார்கள். பேரன் கணக்கு வகுப்புக்குப் போயிருந்தான்.

விற்பனை அலுவலகம் தறிக்கூடத்துச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. நடுவில் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் மாதிரி வீடு. கழுத்தில் டை கட்டிய இளைஞன் அவளைச் சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"பாட்டி இங்கதான் வேலை பார்த்தீங்களாமே?"

"ஆமாம்ப்பா, நீ நிக்கிற இடத்துலதான் என் தறி!"

மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. இளைஞன் தன்னையறியாமல் ஓரடி நகர்ந்து நின்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும் ஒரு கட்டிலருகே நின்றிருந்தார்கள். மருமகளின் முதுகுதான் இவளுக்குத் தெரிந்தது. மகனின் முகம் நேராகத் தெரிந்தது. குனிந்து, குரலைத் தணித்துத்தான் பேசியிருப்பான். ஆனால் அவனுடைய உதடு, அவள் பழக்கிய உதடு.

"இது நமக்கு. அது பையனுக்கு."

மருமகள் என்னவோ கேட்டாள்.

"அம்மாவா? அக்கா வீட்டுல இருக்கட்டும். இங்க ரெண்டு ரூம்தானே? டிவியை அந்தச் சத்தத்துல வச்சா பையன் எப்படிப் படிப்பான்?"

மருமகள் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, முதுகுப் பக்கமிருந்து சொல்ல முடியவில்லை.

"இப்ப எதுக்குச் சொல்லணும்? கையெழுத்து ஆகட்டும். அப்புறமாச் சொல்லிக்கலாம்."

அவள் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். டிவி சத்தம் சரிதான், அவளுக்கே தெரியும். அறை இரண்டுதான், அதுவும் சரி. நேரில் வந்து சொல்லியிருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு மகள் வீட்டுக்கே போயிருப்பாளோ என்னவோ. அப்புறமாச் சொல்லிக்கலாம் என்றானே, அதைத்தான் முழுங்க முடியவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். "எப்படிம்மா, பிடிச்சிருக்கா?" என்றான் மகன்.

"இதுல என் ரூம் எது?"

கூடம் முழுக்க எதிரொலித்தது.

"மெதுவாம்மா. அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்."

இளைஞன் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. மகனைப் பார்த்து, இந்தத் தடவை குரலே இல்லாமல், உதட்டால் மட்டும் கேட்டாள்.

"அக்கா வீட்டுலயா?"

மகன் ஒரு கணம் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னைக்கு வேணாம்ப்பா," என்றாள் அவள் இளைஞனிடம். "வீடு என் பேர்லயே இருக்கட்டும்."

"பாட்டி, இந்த மாசத்தோட சலுகை முடியுது..."

"முடியட்டும். என் காதே முடிஞ்சு போச்சு, நான் இருக்கலையா?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மகன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது மருமகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்பைப் பார்த்தோ பாத்திரத்தைப் பார்த்தோதான் பேசுவாள். இன்றைக்கு முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அத்தை. உங்ககிட்டச் சொல்லாம செய்யக் கூடாதுன்னு சொன்னேன்."

அவள் மருமகளின் முகத்தையே பார்த்தாள். கண்ணாடி வழியாக அவளுக்குக் கிடைத்தது மகனின் பாதிப் பேச்சுதான். மறு பாதியை மருமகளின் முதுகு மறைத்திருந்தது. இவள் நிஜமாகவே சொன்னாளா, கையெழுத்து நின்றுபோனதைப் பார்த்து இப்போது சொல்கிறாளா? மகனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டாலும் அவன் சொல்வதை இனி எப்படி நம்புவது?

"நம்ப மாட்டீங்களா அத்தை?"

"வெயில்ல நிக்காதே, வா," என்றாள்.

மகன் வீட்டு வாசலில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். சாவி அவளிடம்தான் இருந்தது. அவள் பூட்டைத் திறந்தாள். பேரன் வருகிற நேரம். அவள் நேராக அடுப்படிக்குப் போய், நாலு பேருக்கு அரிசி அளந்து போட்டாள்.